மருத்துவ அறிவுக்கும் புதுப் பஞ்சாங்கம் வேண்டும்

காலம் கடந்த செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறவரைப் ‘பழம் பஞ்சாங்கம்’ என்று அழைப்பது நம்மவர் வழக்கு. இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. பழைய பஞ்சாங்கத்தைக் கணித்தவர் அறிவிலி அல்லர். அது வெளிவந்த ஆண்டில் அதிலுள்ள திதியும் நட்சத்திரமும் சரியாகவே இருந்தன. வானம் நகர்ந்துவிட்டது, ஏடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த ஆண்டின் அமாவாசையைச் சென்ற ஆண்டின் ஏட்டில் தேடுகிறவன் ஏமாறுவான் என்பதை உணர்ந்தே, நம் முன்னோர் ஆண்டுதோறும் புதிதாகக் கணித்துப் புத்தாண்டு நாளில் அதனைப் படித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினர்.

மருத்துவ அறிவுக்கும் இத்தகைய வழக்கம் வேண்டும் என்பது இன்று நமக்கு எளிதில் விளங்குகிறது. ஆயினும் உலகம் அதனை உணர்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. உணர்ந்த பின்னரும் அதனைச் செய்து முடிப்பது அரிதாக இருக்கிறது. நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கண்டுபிடித்தவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, எடைபோட்டு, புதுச் செய்தி வரும்போதெல்லாம் கணக்கைத் திருத்தி வைத்தவர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இதன் தொடக்கத்தை ஒரு கப்பலின் மேல்தளத்தில் காணலாம். 1747-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘சாலிஸ்பரி’ என்னும் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்து நாட்டு வைத்தியர் பணியாற்றினார். ஈறு அழுகி, உடல் சோர்ந்து மாலுமிகள் மாளும் ஸ்கர்வி நோய் அக்காலக் கடற்படைகளைப் பெரிதும் வாட்டியது. லிண்ட் ஒரே வகையான நோய்நிலையில் இருந்த பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர்.

இப்பரிசோதனையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். லிண்ட் செய்த மற்றொரு பணியைப் பலர் அறியார். 1753-இல் அவர் வெளியிட்ட ஸ்கர்வி நூலில், அந்நோய் பற்றி அதுவரை பிறர் எழுதியவற்றையெல்லாம் கால வரிசையில் திரட்டி, ஒவ்வொன்றையும் ஆராய்ந்து ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். குவிந்து கிடந்த குப்பையை அகற்றினாலன்றி உண்மை புலப்படாது என்பது அவர் கருத்து. 1757-இலும் 1772-இலும் அந்நூலைத் திருத்திப் புதுப்பித்தும் வெளியிட்டார். எனினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். அதற்கு ஓராண்டு முன்னரே லிண்ட் காலமாகிவிட்டார். அறிவு ஏட்டில் இருப்பது வேறு, அது நோயாளியின் கைக்கு வந்து சேருவது வேறு என்பதற்கு நம் கதையில் இதுவே முதற்சான்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருந்துகளைச் சோதிக்கும் முறையில் பெரியதொரு மாறுதல் ஏற்பட்டது. எந்த நோயாளிக்குப் புது மருந்து, எவருக்குப் பழைய சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விட்டால், நலிந்தவர்களை ஒரு பக்கமும் வலுவுள்ளவர்களை மறு பக்கமும் அவர் தம்மை அறியாமலேயே சேர்த்துவிடக்கூடும். ஆகவே, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாகப் பிரிக்க வேண்டும் என்னும் விதி பிறந்தது. சோழர் காலத்து உத்தரமேரூரில் பனையோலை நறுக்குகளில் பெயர்களை எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை நேயர்கள் அறிவார்கள். ஒருவர் விருப்பும் வெறுப்பும் தேர்வில் புகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதே நோக்கம்தான் மருத்துவப் பரிசோதனையின் குலுக்கலுக்கும் அடிப்படை. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனை இம்முறையில் முதன்மையான எடுத்துக்காட்டு. 107 காசநோயாளிகள் அதில் பங்குபெற்றனர். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர்.

இத்துறையில் நம் சென்னைக்கும் பெருமைக்குரிய இடம் உண்டு. 1956-இல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில், ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை மருத்துவ விடுதியிலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டுக் காலம் மருந்து கொடுத்தனர். விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் இருந்தன. வீடுகளில் நெருக்கடியும் வறுமையும் இருந்தன. இருந்தும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான அறிக்கை காட்டியது. காசநோயாளியை மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரித்து மலையடிவார விடுதிக்கு அனுப்பும் வழக்கம் உலகெங்கும் தளரத் தொடங்கியதில் இவ்வறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தகைய பரிசோதனைகள் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. பெருகியபோது ஒரு புதுச் சங்கடம் தோன்றியது. பரிசோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. நூறு பேரில் செய்த சோதனை ஒன்று ‘பயன் உண்டு’ என்னும். இருநூறு பேரில் செய்த மற்றொன்று ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்னும். அவை பல நாடுகளின் பல சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தன. எந்தத் தனி வைத்தியராலும் அவை அனைத்தையும் படிக்க இயலவில்லை. தமக்குக் கிடைத்தவற்றையோ, தம் அபிப்பிராயத்துக்கு இசைந்தவற்றையோ மட்டும் படித்துப் பாடநூல் எழுதும் வழக்கமே நீடித்தது.

இந்நிலையைக் கண்டு மனம் பொறாதவர் ஆர்ச்சி காக்ரேன். 1909-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், இரண்டாம் உலக யுத்தத்தில் 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். கைதிகளின் முகாமில் வைத்தியராகப் பணி செய்தார். காசநோயால் வாடிய கைதிகளுக்கு எந்தச் சிகிச்சை நன்மை தரும், எது தீமை தரும் என்று அறியாமல் தவித்த அனுபவம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சிகிச்சை செய்வதற்கு வேண்டிய சுதந்திரம் அவருக்கு முகாமிலும் இருந்தது. செய்யும் சிகிச்சை பயனுடையதுதானா என்பதற்கு வேண்டிய சான்று மட்டும் இல்லை. யுத்தத்துக்குப் பின்னர் வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்தார். 1972-இல், மருத்துவ சேவையின் பயனையும் சிக்கனத்தையும் பற்றிச் சிறிய நூலொன்றை வெளியிட்டார்.

1979-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை மருத்துவ உலகுக்கு வைத்த கண்டனமாக அமைந்தது. குலுக்கல் முறைப் பரிசோதனைகள் அனைத்தையும் துறைவாரியாகத் திரட்டி, ஆய்ந்து, சுருக்கமாகத் தரும் ஏற்பாடு ஒன்றை நம் தொழில் இன்னும் செய்யவில்லையே என்று அவர் குறைகூறினார். அத்துடன் நில்லாமல், அச்சுருக்கம் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். திரட்டுவதன் தேவையை அவருக்கு முன்பும் சிலர் உணர்ந்திருந்தனர். திரட்டியதைத் திருத்திக்கொண்டே இருப்பது தொழிலின் கடமை என்று வலியுறுத்தியதே அவரது சிறப்பு. எந்தத் துறை இதில் மிகவும் பின்தங்கியது என்ற கேள்விக்குப் பிரசவ மருத்துவத்தைச் சுட்டி, கடைசியாக வருபவருக்குக் கேலியாகக் கொடுக்கும் ‘மரக்கரண்டி’ப் பரிசு அதற்கே உரியது என்றும் கூறினார்.

இக்கண்டனத்தைப் பிரசவ மருத்துவத் துறையினரே ஏற்றுச் செயலில் இறங்கினர். ஆக்ஸ்ஃபோர்டில் இயன் சால்மர்ஸ் என்பவரின் தலைமையில், கர்ப்பகாலமும் பிரசவமும் பற்றிய பரிசோதனைகளைத் தேடித் தேடித் திரட்டினர். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1989-இல் இரண்டு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அச்சான நூல் வெளியான அன்றே பழமையாகத் தொடங்கிவிடும் என்பதை அறிந்து, அதே விவரங்களைக் கணிப்பொறித் தட்டுகளிலும் பதிந்து அவ்வப்போது திருத்தி அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தனர். அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில், மரக்கரண்டிப் பட்டத்தைத் தாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் காக்ரேன் மனமுவந்து தெரிவித்தார். நூல் வெளிவருவதற்கு முன்பே, 1988-இல், அவர் மறைந்தார்.

அத்தொகுதிகளில் இடம்பெற்ற ஒரு செய்தி, தொகுத்துப் பார்க்காமையின் விலை என்ன என்பதைக் கண்ணீருடன் காட்டுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்னும் வைத்தியர் ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்துவந்தார். கார்ட்டிகோஸ்டீராய்டு வகை மருந்து பெற்றபின் குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று, பிழைக்க இயலாதது என்று எண்ணிய நிலையிலும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்ததை அவர் கண்டார். உடனே குழந்தை மருத்துவர் ஹௌவி என்பாருடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடையே பரிசோதனை நடத்தினார். 1972-இல் முடிவு வெளியாயிற்று. பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தைகள், மருந்து பெறாத பிரிவில் 100-க்கு 15. மருந்து பெற்ற பிரிவில் 100-க்கு 3.2. மருந்தோ விலை மலிவானது; ஊசிகளும் ஓரிரண்டே.

இத்தகைய செய்தி காட்டுத்தீயெனப் பரவியிருக்க வேண்டுமன்றோ? பரவவில்லை. வேறு நாடுகளில் நடந்த சிறு பரிசோதனைகள் சில தெளிவற்ற முடிவைத் தந்தன. தாய்க்கு நோய்த்தொற்று நேருமோ என்ற அச்சமும் இருந்தது. ஒவ்வொரு பரிசோதனையையும் தனித்தனியே பார்த்தவர்கள் ஐயத்திலேயே நின்றனர். டப்ளின் நகரின் பட்ரீஷியா கிரௌலி என்ற அம்மையார் பன்னிரண்டு பரிசோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 1990-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் ஐயத்துக்கு இடமே இல்லாதிருந்தது. அதன் பின்னரும் 1994-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தபோது, அந்நாட்டில் இம்மருந்து பெற வேண்டிய தாய்மாரில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே அதனைப் பெற்றுவந்தனர் என்பது வெளிப்பட்டது. முதல் பரிசோதனைக்கும் இக்கூட்டத்துக்கும் இடையே கழிந்தவை 22 ஆண்டுகள். அக்காலத்தில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனை ஆயிரம் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

மாரடைப்புச் சிகிச்சையிலும் இதற்கு இணையான கதை நடந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்து பற்றி 1959 முதல் 1988 வரை 33 பரிசோதனைகள் நடைபெற்றன. 1992-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இவற்றைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் முடிந்தபோது மொத்தக் கணக்கு என்ன சொல்லியிருக்கும் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு வந்தனர். மளிகைக் கடைக்காரர் அன்றாட வரவைப் பேரேட்டில் ஏற்றி, அன்றன்றே இருப்பைக் காண்பது போன்ற எளிய முறை இது. விளைவு வியப்பூட்டியது. 1973-இலேயே, எட்டுப் பரிசோதனைகளும் 2,432 நோயாளிகளும் ஆனபோதே, மருந்து உயிர் காக்கும் என்பது உறுதியாகிவிட்டது. அதன் பின்னர் நடந்த 25 பரிசோதனைகளில் மேலும் 34,542 பேர் பங்குகொண்டனர். அவர்களால் விடை சற்றேனும் மாறவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் குலுக்கலின் விளைவாக அம்மருந்து கிடைக்கப் பெறாதவர்கள். எண்பதுகளில் நடந்த இரண்டு மிகப்பெரிய பரிசோதனைகளே வைத்தியர்களின் தயக்கத்தைப் போக்கின என்பதும் உண்மைதான். ஆயினும் பேரேட்டை யாரேனும் அன்றன்று எழுதி வந்திருந்தால், அத்தயக்கம் எவ்வளவோ முன்னரே நீங்கியிருக்கும்.

இப்படிப்பட்ட பேரேட்டை எழுதும் பொறுப்பை உலகளாவிய ஒரு கூட்டமைப்பு ஏற்றது. 1992 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பல நாட்டு வைத்தியர்களும் புள்ளியியலாரும் நூலகர்களும் சேர்ந்து காக்ரேன் கூட்டமைப்பை உருவாக்கினர். அதன் முத்திரையைப் பார்த்தவர்கள், வட்டத்துக்குள் சில குறுக்குக் கோடுகளையும் நடுவே ஒரு நெடுங்கோட்டையும் கண்டிருப்பார்கள். நாம் முன்பு சொன்ன குறைமாதக் குழந்தைகளின் ஏழு பரிசோதனைகளே அக்கோடுகள். அவற்றின் கீழேயுள்ள சிறு வைர வடிவம், ஏழையும் கூட்டிக் கண்ட விடையைக் குறிக்கிறது. காலதாமதத்தால் இழந்த குழந்தைகளின் நினைவையே தம் சின்னமாக அவர்கள் கொண்டனர் எனலாம்.

தொகுப்பாய்வு ஒன்றை எழுதுவது எளிய காரியமன்று. கேள்வியை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். வெளியானவற்றையும் வெளியாகாதவற்றையும் தேட வேண்டும். ஒவ்வொன்றின் குறைநிறைகளையும் இருவர் தனித்தனியே சோதிக்க வேண்டும். பின்னரே கூட்டிக் கணக்கிட வேண்டும். இதற்கு ஓராண்டோ, அதற்கு மேலோ ஆகும். இவ்வளவும் முடித்த பிறகு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூட்டமைப்பு தொடக்கக் காலத்தில் விதி செய்தது. விதி செய்வது எளிது, காப்பது அரிது. எழுதியவர்களில் பலர் தம் அன்றாடப் பணிக்கிடையே ஊதியமின்றி உழைத்தவர்கள். சிலர் வேறு வேலைக்குச் சென்றனர். புதிய ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிறுவனங்கள் பழைய ஏட்டைத் திருத்துவதற்குத் தர முன்வரவில்லை. புது நூல் எழுதியவருக்குப் பதவி உயர்வு உண்டு. பழைய நூலைத் திருத்தியவருக்குப் பாராட்டும் இல்லை.

இதன் விளைவைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் அளந்து காட்டினர். 1995 முதல் 2005 வரை வெளியான நூறு தொகுப்பாய்வுகளை அவர்கள் பரிசோதித்தனர். விடையை மாற்றத்தக்க புதுச் சான்று வருவதற்கு ஆன காலம், இடைப்பட்ட அளவில் ஐந்தரை ஆண்டு. இரண்டு ஆண்டுக்குள்ளேயே பழமையானவை 100-க்கு 23. இவை கூடப் பரவாயில்லை. 100-க்கு 7 தொகுப்பாய்வுகள் அச்சாகி வெளிவந்த நாளிலேயே காலம் கடந்திருந்தன. பஞ்சாங்கம் கடைக்கு வருமுன்னரே ஆண்டு முடிந்துவிட்டது என்றால் எப்படி!

‘நன்றாக நிரூபணமான விடையையும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்கலாம். அதற்கும் அந்தக் குறைமாதக் குழந்தைகளின் வரலாறே விடை தருகிறது. 1994-க்குப் பிறகு அம்மருந்து பணக்கார நாடுகளில் வழக்கமாயிற்று. அதே நன்மையை ஏழை நாடுகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென்று, இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, அர்ஜென்டீனா, குவாதமாலா ஆகிய ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் ஒரு பெருமுயற்சி நடந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகள் அதில் அடங்கின. 2015-இல் முடிவு வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. குழந்தை இறப்புக் குறையவில்லை. மருந்து பரவலாக்கப்பட்ட பகுதிகளில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு மூன்று அல்லது நான்கு பேர் கூடுதலாக இறந்திருந்தனர். தாய்மாரிடையே நோய்த்தொற்றும் மிகுந்து காணப்பட்டது.

காரணம் என்ன? முந்தைய பரிசோதனைகள் பெரும்பாலும் வசதி மிக்க மருத்துவமனைகளில் நடந்தவை. அங்கே கர்ப்பத்தின் வாரக் கணக்குத் துல்லியமாகத் தெரியும். பிறந்த சிசுவைக் காக்கும் கருவிகளும் உண்டு. கிராமத்திலோ வாரக் கணக்கு ஊகமாகவே இருந்தது. ஆகவே குறைமாதத்தில் பிரசவிக்காத பல தாய்மாருக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. பழைய விடை பொய்யன்று. அது எந்தச் சூழ்நிலைக்கு உரிய விடை என்பதைத் தொகுப்பில் தெளிவாக எழுத வேண்டியிருந்தது. இந்த ஐயத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் மற்றொரு பரிசோதனை நடத்தியது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக் கணக்கு உறுதி செய்யப்பட்ட 2,852 தாய்மார் அதில் பங்குபெற்றனர். 2020-இல் வெளியான முடிவின்படி, சிசு இறப்பு 100-க்கு 23.5 என்ற அளவிலிருந்து 19.6-ஆகக் குறைந்தது. அதே ஆண்டு இறுதியில் காக்ரேன் தொகுப்பாய்வும் 27 பரிசோதனைகளையும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரையும் உட்கொண்டு புதுப்பிக்கப்பட்டது. உரிய இடத்தில், உரிய வாரத்தில், உரிய வசதியுடன் கொடுத்தால் மருந்து உயிர் காக்கும் என்னும் தெளிவு அப்போதே கிட்டியது.

இதே 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. ஐந்தரை ஆண்டுக் கணக்கு ஐந்தரை வாரக் கணக்காகச் சுருங்கிவிட்டது. அதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 2014-இல், ஆஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் ‘உயிருள்ள தொகுப்பாய்வு’ என்றொரு கருத்தை வெளியிட்டிருந்தனர். தொகுப்பை எழுதி முடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திராமல், இடைவிடாது தேடி, புதுச் சான்று கிடைத்த உடனே ஏட்டில் ஏற்றிவிட வேண்டும் என்பது அக்கருத்து. பெருந்தொற்றுக் காலம் அதற்கு உரைகல்லாயிற்று.

பிளாஸ்மா சிகிச்சையின் கதையை வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோயிலிருந்து தேறியவரின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. 2020 ஜூலையில் டில்லியில் இதற்கென ஒரு வங்கியே திறக்கப்பட்டது. உற்றார் உறவினர் அருகில் இல்லாத பெருநகரங்களில், பிளாஸ்மா தருபவரைத் தேடி இரவெல்லாம் தொலைபேசியில் அலைந்த குடும்பங்கள் பல.

ஏடு என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். 2020 மே மாதத்தில் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் இருந்தவர்கள் 32 நோயாளிகள் மட்டுமே. ‘ஒன்றும் உறுதியாகச் சொல்ல இயலாது’ என்பதே அதன் விடை. பிறகு அது சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. இதற்கிடையே நம் நாட்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடையே குலுக்கல் முறைப் பரிசோதனை நடத்தி, இறப்பைக் குறைக்கவில்லை என்ற முடிவை 2020 அக்டோபரில் வெளியிட்டது. வேறு நாடுகளின் பெரிய பரிசோதனைகளும் தொடர்ந்து வந்தன. 2021 மே மாதத் தொகுப்பில் 48,000-க்கு மேற்பட்டோரின் கணக்கு அடங்கியது. மிதமான நோய் முதல் கடுமையான நோய் வரை உள்ளவர்களின் இறப்பைப் பிளாஸ்மா குறைப்பதில்லை என்று அது உறுதியாகக் கூறிற்று. அதே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அச்சிகிச்சையைத் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கியது. ஓராண்டில் 32 பேரின் கணக்கு 48,000 பேரின் கணக்காயிற்று. 1972-இல் தொடங்கிய குறைமாதக் குழந்தைகளின் கணக்குக்கு இருபதாண்டுகள் ஆனதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆயினும் நம் நாட்டுப் பரிசோதனையின் முடிவுக்கும் வழிகாட்டித் திருத்தத்துக்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன. 2021 ஏப்ரலில் தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது பிளாஸ்மாவுக்காக அலைந்தவர்களின் துயரம் அந்த ஏழு மாதங்களுக்குள் அடங்கியது.

புதுப்பித்தல் என்றால் சேர்ப்பது மட்டும் அன்று. நீக்குவதும் அதில் அடங்கும். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்று கூறிய ஆய்வுகளுள் எகிப்திலிருந்து வந்த ஒன்று முக்கியமானது. அதன் விவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்ற ஐயம் எழுந்து, 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதனை நம்பிக் கூட்டிய தொகுப்பாய்வுகளை மீண்டும் கணக்கிட்டபோது, காணப்பட்ட பெரும் பயன் மறைந்துபோயிற்று. பேரேட்டில் செல்லாக்காசை வரவு வைத்துவிட்டால், கண்டறிந்த அன்றே அதனை நீக்கி இருப்பைத் திருத்துவதும் கணக்கரின் கடமையன்றோ?

இப்பணியில் நம் நாட்டவரும் பின்தங்கியிருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தலைமையிடமாகக் கொண்டு தெற்காசியக் காக்ரேன் நிலையம் அமைந்தது. பல மாநில வைத்தியர்கள் அங்கே தொகுப்பாய்வு எழுதவும் புதுப்பிக்கவும் பயின்றனர். 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் செலவில், இந்தியாவிலுள்ள எவரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. எளிய சுருக்கங்கள் பலவும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாகியுள்ளன. ஊரை விட்டு வெகுதொலைவில், மொழி தெரியாத மருத்துவமனையில் உறவினர் ஒருவரைச் சேர்த்துவிட்டுக் கவலையோடு அமர்ந்திருப்பவருக்கு, சான்றின் சாரத்தைத் தாய்மொழியில் படிக்கக் கிடைப்பது சிறு உதவியன்று.

குடவோலை முறையைச் சொல்லும்போது உத்தரமேரூரைக் குறிப்பிட்டோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழுவும் கூறப்படுகிறது. ஏரியை வெட்டிய அரசனின் பெயர் மெய்க்கீர்த்தியில் விளங்கும். ஆனால் ஏரியைக் காப்பாற்றியது அந்த வாரியம். அதன் உறுப்பினர் 360 நாள் பணி செய்து விலக, அடுத்த ஆண்டுக்குப் புதியவர் வருவர். தூர் எடுப்பதும் கரையைக் காப்பதும் நில்லா. ஒரே ஒரு மனிதரின் ஆர்வத்தை நம்பி ஏரியை விடக்கூடாது என்பது அவர்கள் கண்ட உண்மை. மருத்துவத் தொகுப்பாய்வுகளுக்கும் அத்தகைய ஏற்பாடே தேவை. எழுதியவர் ஓய்ந்தால் ஏற்று நடத்த அடுத்தவர் வேண்டும். ஆண்டுதோறும் அதற்கென ஒதுக்கிய பொருள் வேண்டும். திருத்துகிறவருக்கு ஆக்கியவருக்கு நிகரான மதிப்பு வேண்டும். இன்றைக்கு இம்மூன்றுமே போதிய அளவில் இல்லை. கணிப்பொறிகள் தேடும் வேலையை எளிதாக்கியுள்ளன. எடைபோடும் பொறுப்பு மனிதர் தலையிலேயே இருக்கிறது.

பொதுமக்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘இந்தச் சிகிச்சை நல்லது’ என்று ஊரிலிருந்து உறவினர் செய்தி அனுப்பும்போதும், பத்திரிகையில் படிக்கும்போதும், வைத்தியரிடம் மரியாதையோடு பேசும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இது ஒரே ஒரு சோதனையின் முடிவா, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த முடிவா? அந்தக் கணக்கைக் கடைசியாகத் திருத்தியது எந்த ஆண்டில்? இவ்விரண்டு கேள்விகளையும் 1970-களில் உலகம் கேட்டிருந்தால், தொட்டிலில் வளர்ந்திருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகள் இன்று நடுத்தர வயதில் நம்மிடையே நடமாடிக்கொண்டிருப்பார்கள்.